இன்ஸ்பெக்டர் சாக மாட்டார்

விஷம் கலந்த காபியை இன்ஸ்பெக்டர் மறுபடியும் மேசையில் வைத்துவிட்டார்.

"குடிக்கணும் சார்," என்றார் டைரக்டர்.

"இந்த இன்ஸ்பெக்டர் குடிக்க மாட்டான்யா. விஷத்த மோந்தே எத்தனையோ கேசு கண்டுபிடிச்சவன். இன்னிக்கு மட்டும் மூக்கு அடைச்சுக்கிச்சா?"

தொலைக்காட்சித் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து அவர்தான் அந்த முரட்டு இன்ஸ்பெக்டர். கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். எதிராளியை ஒரு வாக்கியம் முழுசாகப் பேச விடமாட்டார். கேமராவை அணைத்த பிறகும் அப்படியேதான். சொந்தப் பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும் இருந்தது; காய்கறிக்காரர் முதல் பல் டாக்டர் வரை அவரை இன்ஸ்பெக்டர் என்றே கூப்பிட்டார்கள்.

அந்த இன்ஸ்பெக்டரை இன்று சாகடிக்கப் போவதாகக் காலையில் மேக்கப் போடும்போதுதான் சொன்னார்கள். செத்தால் நாளை முதல் வேலையில்லை. இந்த வயதில் வேறு யார் கூப்பிடுவார்கள்? மனைவிக்குப் போன் செய்து குமுறினார். வீட்டு சோபாவில் கிடப்பது போல அங்கேயும் கிடந்தால் போதும், நடிக்கக்கூட வேண்டாம் என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.

சாவதில்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டார்.

"சார், அதுக்கப்புறம் என்னன்னா..." என்று டைரக்டர் பக்கத்தில் வந்தார்.

"செத்ததுக்கப்புறம் என்னய்யா அப்புறம்? வேற வழி பாரு."

கதாசிரியர் நகத்தைக் கடித்துக்கொண்டே வழியை மாற்றினார். பின்னாலிருந்து வில்லன் சுட வேண்டும். இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கதவுக்கு முதுகைக் காட்டி இவன் என்றைக்கு உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்டுவிட்டு, ஜம்மென்று சாய்ந்தார். பலகைச் சுவர் அப்படியே சரிந்தது. காவல் நிலையத்துக்கு அந்தப் பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்த லைட்மேன்கள், கையில் கவளத்தோடு எட்டிப் பார்த்தார்கள்.

சுவரை நிமிர்த்துவதற்குள் ஜீப்பில் குண்டு வைப்பதாகக் கதை மாறியது. இன்ஸ்பெக்டர் ஏறுவதற்கு முன்னால் குனிந்து ஜீப்புக்கு அடியில் பார்த்தார். பழைய ஆள் பார்க்கத்தான் செய்வான். குண்டு கிடைத்தது. இடுப்பும் பிடித்துக்கொண்டது. குனிந்தவர் நிமிர முடியாமல் அந்தக் கோலத்திலேயே நின்று, "ஒயரைப் பிடுங்கிட்டேன். அடுத்து?" என்றார்.

டைரக்டர் கெஞ்சினார். நேருக்கு நேராக, மார்பில், ஒரே குண்டு. இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டி வைத்தார். துப்பாக்கி வெடித்தது. ஆள் விழவில்லை. ஒரு கையால் மார்பையும் மறு கையால் இடுப்பையும் பிடித்தபடி வில்லனை நோக்கி நடந்து, ஒரு முறை முறைத்தார். வருடக்கணக்காக அவரிடம் பிடிபட்டே வந்த வில்லன் நடிகர், பழக்க தோஷத்தில் துப்பாக்கியைக் கீழே போட்டுக் கையைத் தூக்கிவிட்டார்.

யூனிட்டே சிரித்தது. வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. டைரக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் சொல்றத முழுசாக் கேளுங்க சார். யாராவது ஒருத்தர் இன்னிக்குச் செத்தே ஆகணும், ஏன்னா..."

"அப்ப அவ சாகட்டும்."

அவர் கை காட்டிய இடத்தில் தொடருக்குப் புதிதாக வந்த நடிகை நின்றாள். லேப்டாப்பைத் தட்டியே கொலைகாரனைப் பிடிக்கும் சப்-இன்ஸ்பெக்டர் வேடம் அவளுக்கு. அவள் வந்த பிறகுதான் தன் வசனமெல்லாம் தேய்ந்தது என்பது அவருடைய கணக்கு.

டைரக்டர் சொல்ல வந்ததை விட்டுவிட்டார். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"எனக்கு ஒரே பேச்சுதான்."

டைரக்டர் சேனலுக்குப் போன் செய்தார். யார் செத்தாலும் சரி, இருட்டுவதற்குள் சாக வேண்டும் என்று பதில் வந்தது. புது நடிகை ஒரே டேக்கில், இமைகூட ஆடாமல் செத்தாள். இன்ஸ்பெக்டரே கைதட்டினார். எழுந்ததும் அவள் நேராக அவரிடம் வந்து, இந்த உதவியை உயிருள்ளவரை மறக்கமாட்டேன் என்று கண் கலங்கச் சொல்லிவிட்டுப் போனாள். வேலை போன பெண் எதற்கு நன்றி சொல்கிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டார்.

இடுப்பைப் பிடித்தபடி, ஆனால் தலை நிமிர்ந்து, உடை மாற்றும் அறைக்குப் போனார். தையல்காரர் ஒரு வெள்ளை யூனிபார்மின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"பார்த்தியாய்யா? என்னை ஒருத்தனாலயும் சாகடிக்க முடியல."

தையல்காரர் நிமிராமலே சொன்னார்: "இனிமே தொடர் முழுக்க, இன்னிக்குச் சாகறவங்க ஆவியா வந்து கேசு கண்டுபிடிக்கிற கதைதான்னு உங்க அளவுக்குத் தச்சு வச்சிருந்தேன் சார், இப்ப அந்தப் பொண்ணுக்குத் தகுந்த மாதிரி சின்னதாக்கணும்."