மதில்மேல் ஏறி நான் கொடுத்த நற்சான்று

திகில் படம் பார்க்கும்போது சோபாவில் சாய்ந்துகொண்டு கதாநாயகனுக்குப் புத்தி சொல்லாத மனிதர் யாரும் இருக்க முடியாது. நான் கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன். படத்தை நிறுத்தி வைத்துச் சொல்வேன். அதனால்தான் எங்கள் வீட்டில் ரிமோட் இப்போது என் மனைவி ஸ்டெல்லாவின் பொறுப்பில் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து, மதியம் பிரியாணியும் முடிந்து, சேலத்து வெயிலுக்கு மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு ஒரு வெளிநாட்டுப் படம் பார்த்தோம். முன்பின் தெரியாத ஊரில் ஒரு பயணியின் வண்டி நின்றுவிடுகிறது. சிரித்த முகமாக ஓர் ஆள் வருகிறார். வீட்டுக்கு அழைத்துப்போய் சூப் கொடுக்கிறார். அவ்வளவுதான், பயணி அதன்பிறகு வெளியே வருவதே இல்லை. அடி உதை எதுவும் கிடையாது. "இருந்துவிட்டுப் போகலாமே" என்று அன்பாகச் சொல்லிச் சொல்லியே அந்த ஆள் அவனைப் பைத்தியமாக்குகிறார். உளவியல் திகிலாம்.

"மடையன்! சாவியை எதுக்குக் குடுத்தான்? போனை எதுக்குக் குடுத்தான்?" என்று நான் திரையைப் பார்த்துக் கத்தினேன். "நானா இருந்தா அந்த ஆளு பல்லைக் காட்டுனப்பவே கண்டுபிடிச்சிருப்பேன்."

ஸ்டெல்லா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "உங்களைப் பிடிச்சு வெச்சா, அவனே சாயங்காலம் கொண்டாந்து விட்டுட்டுப் போயிருவான். 'தாயே, நீயே வெச்சுக்க'ன்னு சொல்லிட்டுப் போவான்" என்றாள். (பதினோரு வருட இல்லற அனுபவம் பேசுகிறது.)

நான் கோழிப்பண்ணைகளுக்கு மருந்து விற்கும் பிரதிநிதி. நாமக்கல், சேலம் மாவட்டங்களில் நான் போகாத பண்ணை இல்லை. மறுநாள் காலை எடப்பாடியைத் தாண்டி, மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே ஒரு கிளைச் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது பைக்கின் செயின் அறுந்துவிட்டது. எதிரே உயரமான மதில், பெரிய இரும்பு கேட், உள்ளே தள்ளி ஒரு வீடு. வேறு மனித நடமாட்டம் இல்லை. போனில் சார்ஜ் உயிரை விடும் நிலையில் இருந்தது.

கேட் தானாகத் திறந்தது போல் இருந்தது. வெள்ளை வேட்டியில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் வெளியே வந்தார். வாய் நிறையச் சிரிப்பு.

"ஏனுங்க, வண்டி நின்னுபோச்சுங்களா? சரியா நம்ம ஊட்டு வாசல்ல வந்து நின்னுருக்குது பாருங்க!" என்று சொல்லிவிட்டு, என்னவோ எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் போலக் கண்ணைச் சிமிட்டினார். பெயர் பழனியப்பன் என்றார். "மெக்கானிக்கு நம்ம பங்காளிதானுங்க. வண்டிய டெம்போல ஏத்தி உட்டர்றேன். சாவியக் குடுங்க."

கொடுத்தேன்.

"போனு அணையற மாதிரி இருக்குதுங்களே. குடுங்க, உள்ள சார்ஜ் போட்டுட்டு வாரேன்."

அதையும் கொடுத்தேன். கொடுத்து முடித்த பிறகுதான் முந்தின நாள் நான் சோபாவில் நிகழ்த்திய சொற்பொழிவு நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தால், அவர் கேட்டுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். "நாய அவுத்து உட்டுருக்குதுங்க, ரோட்டுக்குப் போயிரும்" என்றார். படத்திலும் ஒரு நாய் இருந்தது.

"ஒரு நிமிஷங்க, ஆபீசுக்கு ஒரு மெசேஜ்" என்று போனைத் திரும்ப வாங்கி, ஸ்டெல்லாவுக்கு 'ஆபத்து. நேத்து படத்துல வந்த மாதிரியே' என்று அனுப்பினேன். அதற்குமேல் தட்டுவதற்குள் அவர் புன்னகையோடு கையை நீட்டினார். போன் உள்ளறைக்குப் போய்விட்டது.

அவருடைய மனைவி பாவாயம்மாள் இளநீரோடு வந்தார். அவர் முகத்திலும் அதே சிரிப்பு. குடும்பமே சேர்ந்து செய்கிறது என்று முடிவுக்கு வந்தேன். இளநீரை அவர்கள் திரும்பிய நேரம் பார்த்துச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றினேன். (செடி இன்றும் நன்றாக இருக்கிறது.)

"பேருங்க?" என்றார் பழனியப்பன்.

திகில் படத்தில் ஊறிய மூளை வேகமாக வேலை செய்தது. இந்த மாதிரி ஆட்களிடம் உண்மையான விவரம் எதுவும் கொடுக்கக்கூடாது. "செல்வம்" என்றேன்.

"ஊருங்க?"

மாவட்டத்திலேயே என் வீட்டுக்கு ரொம்பத் தூரமான ஊர் எது என்று யோசித்தேன். "கெங்கவல்லி."

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"குலதெய்வம் எதுங்க?"

பரம்பரைக் கத்தோலிக்கனான நான் குலதெய்வத்துக்கு எங்கே போவேன்? "அது... எங்கப்பாவுக்குத்தான் தெரியும்" என்றேன்.

பழனியப்பன் சத்தம் போட்டுச் சிரித்தார். "சரிங்க, சரிங்க. நாங்க ஒண்ணும் கேக்கல. நீங்களும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். வாங்க, ஊட்டச் சுத்திப் பாத்துருங்க."

எதற்காக என் கொலைக்களத்தை எனக்கே சுற்றிக்காட்டுகிறார் என்று புரியவில்லை. முதலில் கிணறு. "நல்ல ஆழமுங்க. கோடையிலயும் வத்தாது. உள்ள என்ன உழுந்தாலும் மேல இருந்து தெரியாது" என்று பெருமையாகச் சொன்னார். அடுத்து விசைத்தறிக் கொட்டகை. தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. என் காதருகே வந்து, "இந்தச் சத்தத்துல உள்ள நின்னு எப்படிக் கத்துனாலும் வெளிய ஒருத்தருக்கும் கேக்காதுங்க!" என்று கத்தினார். தலையை ஆட்டினேன். கால் நடுங்குவதைத் தறியின் அதிர்வு என்று அவர் நினைத்திருப்பார்.

இதற்கிடையில் ஒரு பெண் காப்பி கொண்டுவந்து வைத்தாள். மகள் கோகிலா. இன்ஜினியரிங் முடித்து கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாளாம், லீவில் வந்திருக்கிறாளாம். அந்த வீட்டில் சிரிக்காத ஒரே ஆள் அவள்தான். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இவளும் என்னைப்போல் மாட்டிக்கொண்டவளோ என்று அவளுக்காகவும் சேர்த்துப் பயந்தேன்.

"வண்டி வந்தவுடனே கெளம்பறேங்க" என்றேன்.

"அதெப்படிங்க? சாப்பிடாம ஒருத்தரும் இந்த வாசலத் தாண்டுனதில்லீங்க. கோழி அடிச்சாச்சு" என்றார் பழனியப்பன். அந்தத் தொனிக்கு முன்னால் யாரும் எதையும் மறுத்துப் பேசமுடியாது.

சூப்புக்குப் பதில் கோழிக் குழம்பு. உஷாரானேன். "இன்னைக்கு எனக்கு விரதமுங்க" என்றேன். மறுக்க இதைவிட நல்ல காரணம் இருக்க முடியாது என்று என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

பாவாயம்மாள் பதறிப்போனார். "ஐயோ சாமி, முன்னாடியே சொல்லக்கூடாதுங்களா? இருங்க, பருப்பு வேக வெச்சு, ரெண்டு காய் பொரிச்சு, வடை பாயசத்தோட போட்டுடறேன். ஒரு மணி நேரந்தானுங்க!" ஆக, என் புத்திசாலித்தனத்தால் என் சிறைவாசம் நீண்டது.

அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொண்டேன். பாத்ரூம் என்று கேட்டு வீட்டின் பின்பக்கம் போனேன். துணி துவைக்கும் கல்லின் மேல் ஏறி, அங்கிருந்து தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் கால்வைத்து, முக்கி முனகி மதிலின் உச்சிக்குப் போய்விட்டேன். ஒரு கால் சுதந்திரப் பக்கம் போனது. மறுகாலின் பேன்ட் மதில்மேல் இருந்த முள்கம்பியில் வசமாக மாட்டிக்கொண்டது. கீழே நாய் வந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்து வாலை ஆட்டியது.

அப்போது மதிலை ஒட்டி வளைந்துபோகும் சாலையில் ஒரு பைக் வந்து நின்றது. கண்ணாடி போட்ட, கண்ணியமான ஒரு மனிதர். மதில்மேல் குதிரை ஏறியதுபோல் உட்கார்ந்திருந்த என்னை அண்ணாந்து பார்த்தார். இந்தப் பக்கத்துப் பேச்சாக இல்லை.

"ஏங்க, ஒரு விவரம் கேக்கணும். இந்த வீட்டு ஆளுங்க எப்படி? நல்ல மாதிரியா?"

கடவுளே அனுப்பி வைத்த மனிதர் என்று நினைத்தேன். "நல்ல மாதிரியா? கொலைகாரக் குடும்பங்க! உள்ள போனா வெளிய விடமாட்டாங்க! சாப்பாட்டுல எதையோ கலந்து குடுக்கறாங்க! கிணத்தைக் காட்டியே மிரட்டுறாங்க! ஓடுங்க, போலீஸைக் கூட்டிட்டு வாங்க!"

அவர் போலீஸைக் கூப்பிடவில்லை. ஆனால் ஓடினார். பைக்கை அவர் திருப்பிய வேகத்தில் புழுதி மட்டும்தான் மிச்சம்.

"ஆரோக்கியராஜ் சார்" என்று கீழே ஒரு குரல். பழனியப்பன் என் போனைப் பிடித்தபடி நின்றார். சிரிப்பைக் காணோம். "எறங்குங்க சார். ஊட்டம்மா லைன்ல இருக்கறாங்க. செல்வம்னு அங்க ஒருத்தரும் இல்லையாம்."

போனில் ஸ்டெல்லாவின் குரல் எனக்கே கேட்டது. "அவருக்கு வேற ஒண்ணும் இல்லீங்கண்ணா, நேத்து ஒரு படம் பார்த்தாரு!"

என்னைக் கம்பியிலிருந்து விடுவித்து, கட்டிக்கொள்ள அவருடைய வேட்டி ஒன்றைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. கோகிலாவுக்கு ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வரன். பெண் பார்க்க முறைப்படி வருவதற்குமுன் மாப்பிள்ளை வீட்டார் யாரையாவது சத்தமில்லாமல் அனுப்பி, பெண் வீட்டைப்பற்றி விசாரிப்பது இங்கே வழக்கம். வருகிறவர் உண்மைப் பேரையும் ஊரையும் சொல்லமாட்டார். வண்டி நின்றுவிட்டது, தண்ணீர் வேண்டும் என்று ஏதாவது சாக்கு வைத்திருப்பார். இன்று நாளைக்குள் ஆள் வரும் என்று தரகர் காலையில்தான் போன் பண்ணியிருக்கிறார். வாசலில் வண்டி நின்று, வாயைத் திறந்தால் பொய் சொல்லி, ஆத்தூரை ஒட்டிய கெங்கவல்லியையே ஊராகச் சொன்ன என்னைவிடப் பொருத்தமான ஆள் அவர்களுக்கு எங்கே கிடைப்பார்? கிணற்றையும் தறியையும் காட்டியது தங்கள் வசதியைக் காட்டத்தான்.

"அப்பா" என்றாள் கோகிலா. குரல் உடைந்திருந்தது. "மாடில இருந்து பாத்தேன், எல்லாமே காதுல உழுந்துச்சு. இப்ப பைக்ல வந்துட்டுப் போனவருதாம்பா மாப்பிள்ளையோட சித்தப்பா. போட்டோல பாத்திருக்கறேன்."

எனக்கு அந்த முள்கம்பிக்கே திரும்பப் போய்விடலாம்போல் இருந்தது.

அவள் என்னிடம் நேராகவே பேசினாள். "சார், எனக்கு இதுவரைக்கும் வந்த வரன் எல்லாம், வேலைய உட்டுட்டு வாங்கன்னாங்க. இவரு ஒருத்தருதான், வேலைய உட வேண்டாம், நானே கோயம்புத்தூருக்கு மாத்திட்டு வாரேன்னாரு. எனக்குப் புடிச்சிருந்துச்சு. நீங்க ஒரே நிமிசத்துல எங்களைக் கொலைகாரங்களாக்கிட்டீங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மதில்மேல் உட்கார்ந்தபடியே மண் அள்ளிப் போட்டிருக்கிறேன். "நானே வந்து சொல்றேம்மா" என்றேன். "எந்த வீடுன்னாலும், எத்தனை பேர் முன்னாடின்னாலும் சொல்றேன்."

அன்று மதியமே பழனியப்பன் காரை எடுத்தார். புதுச் செயின் போட்ட என் பைக்கைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சேலத்தில் ஸ்டெல்லாவும் ஏறிக்கொண்டாள். துணைக்கா என்று கேட்டேன். "இதை நேர்ல பார்க்காம இருக்க முடியுமா?" என்றாள். அயோத்தியாப்பட்டணம் தாண்டியதிலிருந்து ஆத்தூர் வரைக்கும் நான் சொல்லவேண்டியதை எனக்குத் திரும்பத் திரும்பப் பாடம் நடத்தினாள்.

மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் எல்லோரும் இறுகிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிச் சித்தப்பா என்னைக் கண்டதும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார். நான் படத்தில் ஆரம்பித்தேன். சாவி, போன், செம்பருத்தி, குலதெய்வம், விரதம், முள்கம்பி என்று ஒன்று விடாமல் சொன்னேன். நடுநடுவே ஸ்டெல்லா, நான் விட்டுவிட்டதைச் சேர்த்தாள். முடித்துவிட்டு, "வழியில போற எனக்கே இத்தனை செஞ்சவங்க, உங்க பையனை எப்படிப் பார்த்துக்குவாங்கன்னு யோசிங்க" என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா அதுவரை வாய் திறக்கவில்லை. என்னையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார். "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. அந்தம்மா சமையல் எப்படி இருந்துச்சு?"

'அமிர்தம்' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. பழனியப்பன் என்னையே பார்த்தார். அன்று முழுக்கச் சொன்ன பொய்களின் லட்சணம் எனக்குத் தெரிந்திருந்ததால், உண்மையைச் சொல்லிவிட்டேன். "தெரியாதும்மா. பயத்துல ஒரு வாய்கூடச் சாப்பிடலை."

திடீரென்று அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வெடித்தது. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். சித்தப்பாகூடச் சிரித்துவிட்டார். "பாவம், அந்தம்மா சமைச்சது அப்படியே கெடக்குமே! சரி, வர்ற வெள்ளிக்கிழமை நாங்களே போய்ச் சாப்பிட்டுப் பார்த்துட்டு வர்றோம்!" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. பழனியப்பன் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தை மாதம் கல்யாணம். தாலி கட்டி முடிந்து பந்திக்குப் போனோம். முதல் வரிசையில் என்னை உட்காரவைத்து இலை போட்டுப் பரிமாறினார்கள். பக்கத்தில் யாருமே இலையில் கை வைக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் மண்டபமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாலையும் கழுத்துமாகக் கோகிலாகூட வந்து நின்றாள். வேறு வழியில்லாமல் ஒரு வாய் எடுத்து வைத்து விழுங்கினேன்.

அதிலிருந்து இரண்டு குடும்பத்திலும் எந்த விசேஷமானாலும், வளைகாப்பு, காதுகுத்து, புதுமனை புகுவிழா எதுவானாலும், எங்களுக்குத்தான் முதல் அழைப்பு. நான் முதல் வாய் விழுங்கும்வரை பந்தியில் யாரும் கை நனைப்பதில்லை. மாப்பிள்ளையின் அம்மா என் பக்கத்தில் வந்து நின்று, என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி குரல் கொடுப்பார்:

"ஆளு உயிரோடதான் இருக்காரு, எல்லாரும் சாப்பிடுங்க!"