புன்னகைக்கு இருபது மதிப்பெண்

போன மாதம் ஒரு ராத்திரி, ஊரடங்கிய பிறகு, என் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே இரும்பை இரும்பால் சுரண்டுகிற சத்தம் கேட்டது. எங்களுடையது தரைத்தள வீடு. கணவருக்கு இரவு ஷிப்ட். எட்டு மாதக் குழந்தையை அணைத்துக்கொண்டு விடியும்வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். காலையில் பார்த்தால் ஜன்னல் கம்பியில் ஒன்று பாதி அறுபட்டிருந்தது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து குனிந்து பார்த்தார்.

“பாதிதானேம்மா?”

கம்பியை மாற்றும் விஷயம் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது. இராக்காவலாளி ஒருவரை நியமிப்பதென்று ஏகமனதாகத் தீர்மானமும் ஆயிற்று. அதுவரை சரி. ஆனால் செயலாளர், பெரிய கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர்.

“இந்தக் காலத்துல உடம்பைப் பார்த்தா ஆள் எடுக்கறாங்க? மென்திறன்தான் பார்க்கணும்.”

“அப்படின்னா?” என்றார் இரண்டாம் மாடி பல் டாக்டர்.

“சாஃப்ட் ஸ்கில்ஸ்.”

எல்லோரும் புரிந்த மாதிரி தலையாட்டினோம். கான்வென்டில் படித்தவள் என்ற ஒரே தகுதியில் என்னையும் தேர்வுக் குழுவில் சேர்த்தார்கள்.

முதலில் வந்தவர் பத்து வருடம் கிடங்குக் காவலில் இருந்தவர். செயலாளர் முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு திருடனாக நடித்தார். இரண்டே நொடியில் செயலாளரின் கை முதுகுக்குப் பின்னால் முறுக்கப்பட்டிருந்தது.

“ஐயோ, விடுய்யா! நடிப்புய்யா, நடிப்பு!”

“மாட்டினவன் எவன்தான் சார் ஒத்துக்கிறான்?”

‘மோதல் மேலாண்மை: பூஜ்யம்’ என்று டாக்டர் எழுதினார். செயலாளரால் பேனா பிடிக்க முடியவில்லை.

இரண்டாமவர் நாற்பது வயது, மெலிந்த தேகம், முகம் கொள்ளாத சிரிப்பு. திருடனைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உட்காருங்கண்ணே. இந்த நேரத்துல கிளம்பி வந்திருக்கீங்கன்னா, மனசுல என்ன பாரமோ! முதல்ல தண்ணி குடிங்க.”

கைக்குட்டைக்கு மேலே செயலாளரின் கண்கள் கலங்கின. “என் பெண்டாட்டிகூட இப்படிக் கேட்டதில்லைய்யா.”

பரிவுக்கு இருபது. செவிமடுத்தலுக்கு இருபது. புன்னகைக்கு இருபது. ‘இவருக்கு ஓடிப்போய் ஆளைப் பிடிக்க வருமா?’ என்று கேட்க எனக்கு நாக்கு வரை வந்தது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. தவிர, அவர் என் குழந்தையைப் பார்த்துச் சிரித்தார், அதுவும் சிரித்தது. நானும் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வாரம் சொர்க்கம். யார் யாருக்கு முட்டிவலி, யார் மாமியாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

நேற்று ராத்திரி, கம்பியின் மீதிப் பாதியை அறுக்கிற சத்தம் கேட்டது. காவலாளிக்குப் போன் செய்தேன்.

“அண்ணே, ஜன்னல்ல யாரோ அறுக்கறாங்க!”

“உங்க பயம் எனக்கு நல்லாப் புரியுதும்மா.”

“போய்ப் பிடிங்கண்ணே!”

“பேசிப் பார்த்தேம்மா. ரெண்டு பேர். மனம்விட்டுப் பேசற நிலையில அவங்க இல்லை.”

செயலாளரைக் கூப்பிட்டேன். “நாம தலையிட்டா அவரோட தன்னம்பிக்கை போயிடும்மா. நாளைக்குக் கருத்துப் படிவம் அனுப்பறேன், நிரப்பிக் குடுங்க.”

கம்பி டங்கென்று விழுந்தது. ஒரு கை உள்ளே வந்தது. குழந்தையை வாரி எடுத்தேன். அப்போதுதான் குழந்தை விழித்து, எந்த மென்திறனும் இல்லாமல், அடிவயிற்றிலிருந்து வீறிட்டது. நாலு மாடியிலும் விளக்கு எரிந்தது. கை மறைந்தது. ஓடுகிற காலடிகள் தேய்ந்து போயின.

ஐந்து நிமிடத்தில் வாசல் கதவைத் தட்டினார்கள். திறந்தேன். தலையணையோடு செயலாளர், போர்வையோடு டாக்டர், அவருக்குப் பின்னால் மற்ற மாடிக்காரர்கள்.

“அவங்க திரும்பி வந்தாலும் வரலாம்மா. குழந்தை இருக்கற வீடுதான் பாதுகாப்புன்னு ஏகமனதா முடிவு பண்ணியிருக்கோம்” என்றார் செயலாளர். “அதைத் தூங்க வச்சிடாதீங்க.”

எல்லோரும் கூடத்தில் இடம் பிடித்தார்கள். கடைசியாக வந்த காவலாளி வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்தார். குழந்தையைப் பார்த்து மரியாதையாகப் புன்னகைத்தார். பிறகு கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டார்.