எல்லாச் சேர்ச் அக்காவின் வெள்ளைச் சேலை

மட்டக்களப்பில் கடவுளுக்கே வழி தவறினாலும் எல்லாச் சேர்ச் அக்காவிடம்தான் விசாரிப்பார். எந்தக் கூரையின் கீழ் எத்தனை மணிக்கு ஆராதனை, எங்கே முழங்காலில் நிற்பார்கள், எங்கே கைதட்டுவார்கள் என்பதெல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. அவருடைய சொந்தப் பெயரைத் தபால்காரர் மட்டும்தான் அறிவார்.

நான் வெல்லாவெளிக்காரி. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைக் கண்டதும் நான்தான், பல்கலைக்கழகத்துக்கு வந்ததும் நான்தான். அந்தப் பெருமையை ஒரு பெட்டியிலும் உடுப்புகளை இன்னொரு பெட்டியிலும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டு முன்னறைக்கு வாடகைக்கு வந்தேன்.

அக்கா பிறப்பால் மெதடிஸ்த். பாடகர் குழுவில் இருபது வருடம். குழுவின் நீலக்கரை வைத்த வெள்ளைச் சேலையை அவரே தோய்த்து, கஞ்சி போட்டு, அயன் பண்ணுவார். வேறு யாரும் தொடக்கூடாது. ஆனால் ஞாயிறு காலை அங்கே பாடி முடித்தால், மிச்ச நேரமெல்லாம் மற்றச் சபைகள்தான். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரிக் கூப்பிடுறாங்க புள்ள. எந்தக் குரலுக்கு அவர் திரும்பிப் பாப்பார் எண்டு எனக்குத் தெரியாதே. எல்லா மாதிரியும் கூப்பிட்டுப் பாக்கிறன்."

என்னையும் இழுத்துக்கொண்டு போவார். பெந்தெகொஸ்தே மண்டபத்தில் எல்லாரும் கையை உயர்த்தியபோது, நான் பிள்ளையார் கோயில் பழக்கத்தில் தலையில் குட்டிக்கொண்டேன். பக்கத்திலிருந்த அம்மா எனக்கு ஏதோ இறங்கிவிட்டது என்று தண்ணீர் கொடுத்தார். வாவிக் கரையில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் நடத்திய மௌன தியானத்துக்கும் போனோம். அக்கா ஒரு மணி நேரம் வாய் திறக்கவில்லை. பிறகு அந்த மௌனத்தைப் பற்றி மூன்று மணி நேரம் பேசினார்.

வில்லங்கம் என்னவென்றால், ஓரிடத்தில் பழகியதை அக்கா இன்னோரிடத்தில் செய்துவிடுவார். கத்தோலிக்கப் பூசைக்குப் போய் வந்த கையோடு, மெதடிஸ்த் ஆலய வாசலிலிருந்த பூச்சாடித் தண்ணீரில் விரலை நனைத்துச் சிலுவை போட்டார். அடுத்த ஞாயிறு, தண்ணீர்த் தாங்கி கழுவியாகிவிட்டது என்று சபைச் செயலாளர் அறிவித்தபோது, முன்வரிசையிலிருந்து "அல்லேலூயா" என்று ஒரு முழக்கம் கேட்டது. அது அக்கா.

செயலாளர் கடிதம் அனுப்பினார். ஒரு சபையைத் தெரிவுசெய்ய வேண்டும். இல்லையென்றால் நத்தார் பண்டிகைக்கான கீத ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுச் சேலையை ஒப்படைக்க வேண்டும். விளக்கம் எழுத்தில் தேவை.

எழுத்து என்றால் நான் இருக்கிறேனே. நாலு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல், எனக்கே புல்லரிக்கும் தமிழில் எழுதிக் கொடுத்தேன். பதில் ஒரே வரியில் வந்தது: சேலையைத் தோய்த்துத் தரவும்.

அந்த ஞாயிறு பின்னேரம் அக்கா எங்கும் போகவில்லை. சேலையை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"ஒரு இடத்தச் சொல்லிட்டு விடுங்களன் அக்கா" என்றேன்.

"பொய் சொல்லிப்போட்டு எப்பிடிகா பாடுற?" என்றார். சேலைக் கரையை நீவிவிட்டு, "அந்த வரிசையில நிண்டாத்தான் என்ட குரல் எனக்கே கேக்கும்" என்றார்.

ஆலயத்தில் திருத்த வேலை நடந்ததால் கீத ஆராதனையைத் தகரக் கூரை மண்டபத்தில் வைத்தார்கள். மற்றச் சபையினரையும் அழைத்திருந்தார்கள். முதல் பாட்டு தொடங்கவும் மார்கழி மழை கொட்டவும் சரியாக இருந்தது. கரண்டும் போனது. மைக் இல்லை, கீபோர்ட் இல்லை. தகரத்தில் விழுந்த மழையில் போதகரின் வாய் மட்டும் அசைந்தது. எப்போது எழும்புவது, எப்போது பாடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

கட்டையானவர் என்பதால் அக்காவை முன்வரிசை நடுவில், போதகருக்கு அருகே நிறுத்தியிருந்தார்கள். அவருக்குப் போதகரின் சொல் கேட்டது, சபைக்கு அவர் தெரிந்தார். கையைத் தலைக்கு மேலே தூக்கி, பெந்தெகொஸ்தே மண்டபத்தில் பழகிய மாதிரி, தாளம் தட்டினார். குழு அதைப் பிடித்தது, பின்வரிசை வரை மண்டபமே பிடித்தது. மழை தோற்றது. போதகர் ஜெபத்துக்கு அழைத்தார். அக்கா சீமெந்துத் தரையில் முழங்காலிட்டார். வரிசை வரிசையாக மண்டபம் தரையில் இறங்கியது. கத்தோலிக்கர் சுலபமாக இறங்கினார்கள், மெதடிஸ்தர் பக்கத்துத் தோளைப் பிடித்து இறங்கினார்கள். முடிவில் அக்கா பழக்கத்தில் சிலுவை போட்டார். அதையும் எல்லாரும் போட்டார்கள்.

பாட்டின்போது செயலாளரும் கைதட்டிக்கொண்டுதான் நின்றார். பாதியில் தன் கைகளைத் தானே பார்த்துத் திடுக்கிட்டார். நிறுத்தினால் தாளம் குழம்பிவிடும் என்று தொடர்ந்தார்.

மழை விட்ட பிறகு சேலையை எந்த நாள் கொண்டுவந்து தருவது என்று அக்கா செயலாளரிடம் கேட்டார். செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"அத விடுங்க. வாற வருஷம் அந்தக் கைதட்டல ரெண்டாம் பாட்டுக்கும் வைக்க ஏலுமா?"

"போதகர் ஓமெண்டா வைக்கலாம்" என்றார் அக்கா, பெரிய மனது பண்ணி.

முழங்காலிட்டவர்களில் நானும் ஒருத்தி. எந்தக் கடவுளிடம் என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தச் சேலை அக்காவிடமே இருக்கவேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.