ஓரம் போகாத முக்கோணம்

ஞாயிற்றுக்கிழமை கே.கே. நகருக்குப் போவதில்லை என்று மாத்ருபூதம் சபதம் எடுத்துவிட்டார். அங்கே மைத்துனர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். இங்கே டிவியில் கிரிக்கெட் ஃபைனல்.

சாக்கு தயாராக இருந்தது. மனைவி மைதிலி கணக்கு டீச்சர். அவள் எழுதிய வடிவியல் புத்தகத்துக்குக் கம்ப்யூட்டரில் படம் போட்டுத் தருவதாக இவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"படம் முடியலையே மைதிலி, நான் எப்படி வர்றது?"

"அச்சச்சோ! நீங்க வேலையப் பாருங்க. நான் மட்டும் போயிட்டு வரேன்."

இவ்வளவு சுலபமா! ஸ்ரீரங்கத்தில் அவள் பஸ் ஏறியதும் மாத்ருபூதம் டிவியைப் போட்டார். போன் அடித்தது. தென்னூர் அச்சக மார்ட்டின்.

"சார், முக்கோணம் ஒண்ணு அனுப்புங்க, பார்ப்போம்."

அனுப்பினார்.

"முழுப் பக்கமும் வெள்ளையா இருக்கு சார். நடுவுல ஒரு எறும்பு."

"அதான் முக்கோணம்."

"பக்கம் வேணாம் சார், படம் மட்டும் போதும். சுத்தியிருக்கற வெள்ளைய ஒட்ட வெட்டுங்க."

வேலை தெரியாத மாதிரி நடித்து இழுத்தடிக்கத்தான் திட்டம். நடிக்க அவசியமே வரவில்லை. ஒட்ட வெட்டினார்.

"மூலையில ஏ, பி, சி எங்க சார்?"

கொஞ்சம் தள்ளி வெட்டினார்.

"பி-ல பாதி போய் மூணு மாதிரி நிக்குது சார்."

திரையையே படம் பிடித்து அனுப்பினார்.

"நடுவுல ஒரு அம்புக்குறி இருக்கே, அது எந்தக் கோணம்?"

அது மவுஸ். வெட்ட வெட்ட வெள்ளை வளர்கிற மாதிரி இருந்தது. மேட்ச் முடிந்தது; ஜெயித்தது யாரென்று பார்க்கவில்லை.

சாயங்காலம் மைதிலி சிரித்துக்கொண்டே வந்தாள்.

"வெட்டுற வேலை எனக்கு வரல மைதிலி."

"வெட்டி வேலை நல்லா வருமே! வெள்ளிக்கிழமையே நானே எல்லாப் படத்தையும் போட்டு அனுப்பிட்டேன். படத்தோட அளவுதான் பக்கம்னு, கம்ப்யூட்டருக்குக் குடுக்கற கட்டளையோட முதல் வரியில எழுதிட்டா, ஓரம் தானா போயிடும்."

"அப்ப மார்ட்டின் என்னை ஏன் படுத்தினார்?"

"உங்களை வீட்டுலயே பிடிச்சு வைக்க நான்தான் சொன்னேன். போன தடவை பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகிட்ட சம்பள ரசீது கேட்டு விரட்டினது யாரு?"

மாத்ருபூதம் டிவியை அணைத்தார்.

"இந்த இடம் நிச்சயமாயிடுச்சு. அண்ணன் உங்களுக்கு ரொம்ப நன்றி சொல்லச் சொன்னாங்க."

"எதுக்கு?"

"வராததுக்கு."