பிரெஞ்சு அண்ணன் பிடுங்காத பல்

பிள்ளைகளே, இரண்டு வல்லரசுகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு பல் பிடுங்கிய மனிதர் மலாக்கா மாநிலத்தில் ஒருவர்தான் இருந்தார். சுங்கை ஊடாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் பால் வெட்டிய காலத்தில் அவரைப் பிரெஞ்சு அண்ணன் என்போம். பிறந்தது காரைக்காலில். அது பிரெஞ்சுக்காரன் கையிலிருந்த ஊர் என்பதால், கஞ்சியைக்கூடக் கரண்டியால்தான் குடிப்பார்.

பல் வைத்தியத்துக்கு லைசென்ஸ் உண்டா என்று கேட்டால் போதும்.

"பிரெஞ்சுக்காரனும் வெள்ளைக்காரனும் ஒப்பந்தம் போட்டிருக்கான் லா. அவன் ஆளு இங்க தொழில் பார்க்கலாம், இவன் ஆளு அங்க பார்க்கலாம்."

எந்த ஒப்பந்தம் என்று எங்களுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

அது வெள்ளைக்காரன் மலாயாவில் அறிவித்த அவசரகாலம். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி, கேட்டில் சோதனை. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதா என்று தேடும் போலீஸ்காரர், அண்ணனின் பையில் குறட்டைப் பார்த்து முழிப்பார். அண்ணன் ஒப்பந்தத்தை விளக்குவார். போலீஸ்காரர் குழம்பிப்போய்த் தன் வாயைத் திறந்து காட்டுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கடைவாய்ப் பல் மாட்டியது. அண்ணன் குறட்டால் பிடித்து ஆட்டியும்விட்டார். அந்த நேரம் பார்த்துச் சுகாதார இலாகாவின் தமிழ் அதிகாரி வந்து நின்றார்.

"நிறுத்துங்கண்ணே! பதிவு இல்லாம இன்னொரு பல்லு எடுத்தீங்க, உள்ள வச்சிருவாங்க."

"நான் பிரெஞ்சுப் பிரஜை. ஒப்பந்தம் இருக்கு."

"காரைக்கால்தான் இந்தியாகிட்ட போயிருச்சே! பேப்பர் பார்க்கலியா?"

அண்ணனின் கை அப்படியே நின்றது, என் வாய்க்குள்.

"அப்ப நான் யாரு?"

அதிகாரி தலையைச் சொறிந்தார். "இந்தியாக்காரரா இருக்கலாம்."

"இந்தியாவுக்கும் ஒரு ஒப்பந்தம் இருக்குமே?"

"இருக்கலாம். அதுல பல்லு சேர்த்தியான்னுதான் தெரியல."

"ஆ... ஆ..." என்றேன். எந்த நாட்டுக்காரராக வேண்டுமானாலும் இருங்கள், இழுத்துத் தொலையுங்கள் என்று அர்த்தம். இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"மொதல்ல கையை எடுங்கண்ணே."

"எடுத்துட்டா இவன் கதி?"

அதிகாரி குனிந்து என் வாயைப் பார்த்தார். "பாவம்தான்" என்றார்.

திடீரென்று அண்ணன் என் கையைப் பிடித்துக் குறட்டின் மேல் வைத்தார். "இவன் பல்லு, இவன் கை. இதுக்கு எவன் ஒப்பந்தம் வேணும்?"

"நீங்க என்ன செய்றீங்க?"

"தலையைப் பிடிச்சுக்கிறேன். அதுக்கும் லைசென்ஸ் கேப்பீங்களா?"

நான் அலறிக்கொண்டே இழுத்தேன். வந்துவிட்டது.

அதன் பிறகு எங்கள் தோட்டத்தில் அவரவர் பல்லை அவரவரே பிடுங்கினோம். அண்ணன் தலையை மட்டும் பிடித்துக்கொள்வார். தாம் எந்த நாட்டுக்காரர் என்பது கடைசிவரை அவருக்கு விளங்கவில்லை. யாராவது கேட்டால், "ஆடாம இரு லா" என்பார்.

போன மாதம் டவுனில் படித்துப் பட்டம் வாங்கிய டாக்டரிடம் நான் ஒரு பல் எடுத்துக்கொண்டேன் அல்லவா? ஊசி போட்டார், வலிக்கவே இல்லை. ஆனாலும் அவர் குறட்டைக் கையில் எடுத்தபோது, என் தலை பின்னால் சாய்ந்து அண்ணனின் அந்த இரண்டு கைகளைத் தேடியது.