ஷட்டர் ஸ்பிரிங்கில் மோர் கடைந்த கதை

ஸ்பிரிங்குக்கும் மச்சானுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. இரண்டும் வீட்டுக்கு வேண்டியதுதான். ஆனால் முறுக்கிவிட்டு முகத்துக்கு நேரே போய் நிற்கக் கூடாது. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. (நான் படித்ததே ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டு மாட்டுக்குப் புல் அறுத்தேன்.) ஒரு வியாழக்கிழமை காலையில், காதுக்குள் மோர் வழிய நின்றுகொண்டு கற்றது இது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. திருவாரூர் கடைத்தெருவில் காலையில் கடகடவென்று ஷட்டர்கள் மேலே ஏறும் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். அதில் பாதி என் கைவேலை. நகைக்கடையோ மருந்துக்கடையோ, நான் முறுக்கி வைத்த ஸ்பிரிங் மனசு வைத்தால்தான் முதலாளி உள்ளே போக முடியும். இரவல் ஸ்பேனரோடு ஆரம்பித்துச் சொந்தப் பட்டறை போட்டவன். மகனையும் மகளையும் இன்ஜினீயருக்குப் படிக்க வைத்தவன். அவர்களுக்குப் படிப்பு தெரியும், எனக்கு ஸ்பிரிங் தெரியும் என்று வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் மனைவி ராஜாம்பாளுக்குத் தெரிந்தது நெய். சிங்கப்பூரில் இருக்கும் மகள் ஊருக்கு வந்து திரும்பும்போது பெட்டியில் புடவையைக் குறைப்பாளே தவிர அம்மாவின் நெய்யைக் குறைக்க மாட்டாள். கொட்டகைத் தூணில் மத்தை நிறுத்தி, கயிற்றைச் சுற்றி, இந்தப் பக்கம் ஒரு இழுப்பு அந்தப் பக்கம் ஒரு இழுப்பு என்று ராஜாம்பாள் கடைய ஆரம்பித்தால், பக்கத்தில் கட்டியிருக்கும் செவலைப் பசு அந்தச் சத்தத்துக்குத் தலையாட்டும்.

அப்படி இழுத்து இழுத்தே அவள் வலது தோள் இறுகிப்போனது. தலை வாரக் கை தூக்க முடியவில்லை. டாக்டர், கயிறு இழுக்கிற வேலையே இனிமேல் கூடாது என்று சொல்லிவிட்டார். மகன் கரண்டில் ஓடும் மத்து ஒன்றை வாங்கி அனுப்பினான். அதையும் ஓட்டிப் பார்த்தாள்.

"வெண்ணெய் வருது. ஆனா சூடாயில்ல வருது? மணமே இல்ல. இதக் காச்சினா எண்ணெய் மாதிரி இருக்குங்க" என்று அதைப் பரணில் ஏற்றிவிட்டாள். பிறகு ஒரு நாள் நிதானமாகச் சொன்னாள்:

"செவலைய வித்துடலாம்னு இருக்கேன்."

"ஏன், பாலாக் குடுத்துட்டுப் போயேன்?"

"நெய்யாகாத பாலுக்கு எனக்கு மாடு எதுக்கு? கீழ்வேளூர்ப் பக்கத்துலேருந்து ஆள் வரச் சொல்லியிருக்கேன். வெள்ளிக்கிழம லட்சுமிய வெளிய அனுப்பக் கூடாது. வியாழக்கிழமையே வந்து ஓட்டிக்கிட்டுப் போகட்டும்."

சொன்னவள் நேரே கொட்டகைக்குப் போனாள். பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன். கன்றிலிருந்து வளர்த்த அந்த மாட்டின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். மாடும் அசையாமல் நின்றது. எனக்கு என்னமோ செய்தது. என்னைப் போன்ற ஆளுக்கு என்னமோ செய்தால், உடனே ஒரு மிஷின் செய்யத் தோன்றும். அது என் பிறவிக் கோளாறு.

பட்டறை மூலையில் பழைய ஸ்பிரிங் பெட்டி ஒன்று கிடந்தது. ஒரு துணிக்கடையின் பெரிய ஷட்டரிலிருந்து கழற்றியது. அதைப் பார்த்த மாத்திரத்தில் என் மண்டைக்குள் ஷட்டர் திறந்தது. கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற மாதிரி, காலையில் நான் ஸ்பிரிங்கை முறுக்கி வைத்துவிட்டுப் பட்டறைக்குக் கிளம்பிவிடுவேன். அது தானாகச் சுற்றிக் கடையும். ராஜாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் போதும். கரண்டு வேண்டாம், சூடு கிடையாது, தோளும் வேண்டாம். மாடு நிற்கும்!

ஷட்டரில் படுத்துக் கிடக்கும் ஸ்பிரிங் குழாயை ஒரு தடிப் பலகையில் நட்டமாக நிறுத்தினேன். தலையில் சைக்கிளின் பெரிய பல்சக்கரம். பக்கத்தில் எவர்சில்வர் அண்டா, நாலு போல்ட் போட்டுப் பலகையோடு இறுக்கியது. அண்டாவுக்குள் இரும்புக் கம்பியில் மத்து, மத்தின் தலையில் சின்னப் பல்சக்கரம், இரண்டுக்கும் நடுவே செயின். வேகத்தைப் பிடிக்க ஒரு சைக்கிள் பிரேக். அழுத்தினால் நிற்கும், விட்டால் சுற்றும். செய்து முடித்துவிட்டு நானே என் முதுகைத் தட்டிக்கொள்ள முயன்றேன். கை எட்டவில்லை.

சோதனை செய்யாமல் எதையும் வெளியே அனுப்புகிறவன் நான் இல்லை. ஆனால் பட்டறையில் தயிருக்கு எங்கே போவது? ஷட்டருக்கு அடிக்கும் ரெட் ஆக்ஸைடு பெயிண்ட் இருந்தது. அண்டா நிறைய ஊற்றி ஓட்டினேன். மத்து, கோயில் யானை நடக்கிற மாதிரி நிதானமாக, அழகாகச் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்குக் கண் கலங்கியது. (பெயிண்ட் நெடி என்றும் சொல்லலாம்.) பெயிண்டை எவ்வளவு கலக்கினாலும் கடைசிவரை கெட்டியாகத்தான் இருக்கும், தயிர் அப்படி இல்லை என்பது உலகத்தில் மோர் கடைந்த அத்தனை பேருக்கும் தெரியும். நான் மோரைக் குடித்துத்தான் பழக்கம்.

வியாழக்கிழமை காலை, அண்டாவையும் மத்தையும் மண்ணெண்ணெயில் துடைத்து, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து, கொட்டகைத் தூணோடு பலகையைக் கட்டினேன். கீழ்வேளூர்க்காரர் சின்னையன் வந்து மாட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடவே, யாரும் கூப்பிடாமல், ராஜாம்பாளின் அண்ணன் கோவிந்தராசுவும் வந்து சேர்ந்தார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். தும்பைப்பூ மாதிரி வேட்டி சட்டை. எங்கள் கொல்லைக்கு அடுத்த வயல் அவருடையதுதான். அன்றைக்கு அதில் நாற்றங்கால் பச்சைப் பசேலென்று நின்றது.

"என்ன மாப்பிள, கொட்டாய்க்கு ஷட்டர் போடுறீங்களா?" என்றார் மச்சான்.

"மோர் கடையப் போறேன் மச்சான்."

"ஸ்பிரிங்க வச்சா? பலே! அப்ப நெய்யி ஆட்டோமேட்டிக்கா சிங்கப்பூருக்கே போயிடுமே!"

சாதித்துவிட்டுப் பேசுகிறவன் நான். சின்னையனிடம் மட்டும், "மாட்டு யாவாரம் நடக்காது. ஆனா ஒரு வேடிக்க பாத்துட்டுப் போங்க" என்றேன்.

"ஐயா, நான் மாட்டுக்கு வந்தவன்..."

"உக்காருங்க!"

உட்கார்ந்தார். ஒரு முழ நீளக் கம்பியைச் சொருகி ஸ்பிரிங்கை முறுக்க ஆரம்பித்தேன். துணிக்கடை ஷட்டர் சும்மாவா? மூச்சு இரைத்தது. பனியன் நனைந்தது. செவலை என்னைப் பார்த்து அசைபோடுவதை நிறுத்திவிட்டது.

"ஏங்க, இதுக்கும் தோளுதானே வேணும்?" என்றாள் ராஜாம்பாள்.

"எந்தோளு இரும்பு!"

"இந்நேரம் நான் இடது கையாலயே கடஞ்சு முடிச்சிருப்பேன். அத விடுங்க. இது ஒரே பக்கமால்ல சுத்தும்? மத்துன்னா போய்ட்டுத் திரும்பி வரணும்."

"ராஜாம்பா, நீ தயிர ஊத்து. டெக்னிக்கல் எனக்கு விடு."

ஊற்றினாள். பிரேக்கை விட்டேன்.

அடடா! அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே நான் இன்னொரு பிறவி எடுக்கலாம். மத்து 'குளுக் குளுக்' என்று சுற்றியது. தயிர் சுழித்தது. சின்னையன் மாட்டை மறந்துவிட்டு வாயைப் பிளந்து நின்றார். மச்சான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அண்டாவுக்குள் குனிந்தார். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை! கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் காத்திருந்த மௌனம் அது. இடுப்பில் கை வைத்து, கால் மேல் காலைப் போடாத குறையாக நின்றேன்.

"பாத்துக்கிட்டீங்கள்ல? மாட்ட விக்கிறதில்ல. நீங்க கெளம்பலாம்" என்றேன் சின்னையனிடம்.

அப்போது ராஜாம்பாள் அண்டாவைப் பார்த்து, "தெரளுதுங்க!" என்றாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வெண்ணெய் திரளும்போது யாரும் செய்வதுபோல ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரை எடுத்து ஊற்றினாள். அவள்மேல் தப்பே கிடையாது. அவள் அம்மாவும் அப்படித்தான் ஊற்றியிருப்பாள்.

கெட்டித் தயிரைத் தள்ளிக்கொண்டிருந்த ஸ்பிரிங்குக்கு, இப்போது தள்ள ஒன்றும் இல்லை. அண்டாவுக்குள் இருந்தது வெறும் மோர். முக்கால்வாசி முறுக்கு இன்னும் மிச்சம் இருந்தது. யானை நடை போட்ட மத்து குதிரையானது. குதிரை என்று சொல்லி முடிப்பதற்குள் ஃபேன் ஆனது.

"மாப்பிள, புடிங்க, புடிங்க!" என்று மச்சான் கத்தினார். பிரேக்கை அழுத்தினேன். முதல் தெறிப்பிலேயே வெண்ணெய் போய்ப் பிரேக் கட்டையில் அப்பியிருந்தது. அழுத்த அழுத்த வழுக்கியது. நான் கிரீஸ் போட மறந்த ஒரே இடம் அதுதான். அந்தக் குறையையும் வெண்ணெய் தீர்த்து வைத்தது.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்ததாகப் பழமொழி சொல்வார்கள். சொன்னவருக்கு எவர்சில்வர் தெரியாது. எவர்சில்வர் உடையாது, பறக்கும். மத்து வளைந்து அடியில் இடித்தது. நாலு போல்ட்டும் 'டப் டப்' என்று தெறித்தன. அண்டா எழும்பி, குனிந்திருந்த மச்சானுக்குத் தலையோடும் எனக்குக் காதோடும் அபிஷேகம் செய்துவிட்டு, செவலையின் பின்னங்காலுக்குப் பக்கத்தில் கோயில் மணி மாதிரி டங்கென்று விழுந்தது.

செவலை ஒரு துள்ளுத் துள்ளி முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. சின்னையன் பாய்ந்து கயிற்றைப் பிடித்தார். தொழில் தெரிந்த மனிதர், விடவில்லை. விட்டிருக்கலாம். வாய்க்காலைத் தாண்டி மச்சானின் நாற்றங்காலுக்குள் மாடு நாலு காலில் போனது, சின்னையன் வயிறு தேயச் சறுக்கிப் போனார். நெடுக ஒரு பாதை விழுந்தது. பரம்புப் பலகை இழுத்துச் சமன்செய்தால்கூட அவ்வளவு நேராக வராது.

கொட்டகையில் ஸ்பிரிங் மட்டும் கிர்ரென்று சுற்றிச் சுற்றி, தன் கோபமெல்லாம் தீர்ந்து, ஒரு வழியாக நின்றது. மச்சான் அசையாமல் நின்றார். தலையில் வெண்ணெய், கண்ணாடியில் வெண்ணெய், மீசையிலிருந்து மோர் சொட்டியது.

ராஜாம்பாள் அவரைப் பார்த்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள். "அண்ணே, இந்த வருசம் மன்னார்குடி வெண்ணெய்த்தாழித் திருவிழாவுக்குப் போய்ப் பெருமாள் மேல வெண்ணெய் அடிக்க முடியலையேன்னு வருத்தமா இருந்துச்சு. வீட்டுக்கே வந்து காட்சி குடுத்துட்டியே!" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். தோள் வலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

"சிரி, சிரி. எந்நாத்தங்காலுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார் பெருமாள்.

சேற்றில் முக்கி எடுத்த கோலத்தில் சின்னையன் திரும்பி வந்தார். "அம்மா, சாதுவான மாடு, பச்சப்புள்ள புடிச்சாலும் நிக்கும்னீங்களே! இதுவா சாது? இத ஓட்டிக்கிட்டுப் போனா எம் பொண்டாட்டி என்னைய வித்துடுவா. எனக்கு மாடும் வேணாம், மோரும் வேணாம். ஒரு துண்டு இருந்தாக் குடுங்க."

மாடு அடங்காப்பிடாரி என்ற செய்தி அவர் கீழ்வேளூர் போய்ச் சேர்வதற்கு முன்பே அங்கே போயிருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு வியாபாரியும் எட்டிப் பார்க்கவில்லை. மச்சானுக்கு விதைநெல் கொடுத்து, நானே இறங்கி நாற்றங்காலைச் சரிசெய்து கொடுத்தேன். செவலையோ அன்றைக்கே பால் கறக்கும் நேரத்துக்குத் தானாகத் திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காதது போலத் தன் இடத்தில் நின்றது. ராஜாம்பாள் அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள்.

"மாட்ட நிறுத்திட்டீங்க. சொன்னதச் செஞ்சுட்டீங்க" என்றாள். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "இப்ப, யார் கடையிறதுங்க?"

நான் வளைந்த மத்தைப் பார்த்தேன். கூரையில் காய்ந்துகிடந்த மோரைப் பார்த்தேன். அவள் உள்ளே போய்ப் பழைய மர மத்தையும் கயிற்றையும் எடுத்து வந்தாள். கயிற்றின் இரண்டு முனையையும் என் இரண்டு கையிலும் வைத்தாள். நான் இழுக்க ஆரம்பித்தேன்.

இன்றைக்கு வரை நான்தான் கடைகிறேன். இதையும் சொல்லிவிட வேண்டும்: கொள்ளிடத்துக்குத் தெற்கே என்னைப் போல மோர் கடைகிறவன் எவனும் கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுப்பு. சந்தேகம் இருந்தால் வந்து பாருங்கள், காட்டுகிறேன். சென்ற முறை வந்தபோது மகள் என் வெண்ணெயைத் தொட்டுப் பார்த்து, "அம்மா கையா?" என்று கேட்டாள். நான் வாங்கியதிலேயே பெரிய பட்டம் அது.

ஆனால் அவளும் அவள் அண்ணனும் காலையில் போன் செய்தால், என் சுகத்தை விசாரிப்பதில்லை. "அப்பாவுக்குச் சாவி குடுத்தாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள்.

"இப்பத்தான் காபி குடுத்தேன். சுத்திக்கிட்டிருக்காரு" என்கிறாள் ராஜாம்பாள்.

நான் திரும்பிப் பார்ப்பதில்லை. அது வெண்ணெய் திரளும் நேரம். அந்த நேரத்தில் பெருமையாக நிமிர்ந்து நின்றால் என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?