வாய்ஸ் மெயிலில் வெடித்த சரவெடி

புதிதாக ஒரு பொருள் கைக்கு வந்தால் அதை நோண்டாமல் என்னால் இருக்க முடியாது. அப்படி நோண்டித்தான் ஒரு நாள் என் அம்மாவைப் பாதி கொன்றேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் சிவகாசிக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனியில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் முதன்முதலாக செல்போன் வாங்கியிருந்தேன். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதை அணைத்து, கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். பகலில் கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்ல ஏதாவது வேண்டுமே என்று வாய்ஸ் மெயில் வசதி வாங்கினேன். அவர்கள் காதில் விழ வேண்டியதை நம் குரலிலேயே பதிந்துகொள்ளலாம். குறிப்பிட்ட ஒரு நம்பருக்கு மட்டும் தனியாகவும் பதியலாம். (எனக்கு வாரத்துக்கு மூன்று போன் வரும். அதில் இரண்டு ராங் நம்பர்.)

நண்பன் மாரிமுத்துவைப் பயமுறுத்த ஒன்று பதிந்தேன். மாடியில் சரவெடியைக் கொளுத்திவிட்டு, "ஐயோ! தீப்பிடிச்சிருச்சு! ஓடுங்க, ஓடுங்க!" என்று கத்தினேன். நாலு விநாடி மௌனம். அப்புறம் சிரிப்போடு, "ஏமாந்தியாலே? சாயங்காலம் பேசுறேன்."

பதிந்து முடித்ததும் போனில் ஒரு பெண் குரல், இந்த நம்பருக்கு மட்டும் என்றால் ஒன்று, எல்லோருக்கும் என்றால் இரண்டு என்று இங்கிலீஷில் சொன்னது. பாதிதான் புரிந்தது. தைரியமாக இரண்டை அழுத்தினேன்.

மறுநாள் பதினொரு மணி. லாரியில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. கேட்டில் ஒரு வேன் வந்து நின்றது. பத்துப் பதினைந்து பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு இறங்கினார்கள். ஓடிப்போய் முன்னால் நின்றவரைக் கேட்டேன்.

"என்னக்கா ஆச்சு?"

"வெடிச்சிருச்சாம்லய்யா!"

"எந்தக் கம்பெனி?"

"இதே கம்பெனிதான்!"

புகை எங்கே, சத்தம் எங்கே என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. திரும்பி ஓடி, அபாய மணியை அடித்து, "எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று அலறினேன். (போனில் கத்தியதைவிட நன்றாகவே கத்தினேன்.) ஐந்தே நிமிடத்தில் இருநூறு பேர் கேட்டுக்கு வெளியே நின்றார்கள்.

கூட்டத்தின் நடுவில் ஒரு பெண் தரையில் புரண்டு அழுதுகொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. "யாருக்கு அடிபட்டுச்சு?" என்று பதறிக் கேட்டேன். அவள் திரும்பினாள். என் அம்மா.

பக்கத்து ஊரில் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை அவளுக்கு. வரும்போது காராச்சேவு வாங்கிவரச் சொல்ல, அங்கிருந்த போனில் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். அலறல் கேட்டதும் ரிசீவரைப் போட்டுவிட்டு, கூட வேலை செய்கிறவர்களோடு கம்பெனி வேனில் ஏறிவிட்டாள்.

என் முகத்தைத் தடவினாள். கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "எய்யா, ஒனக்கு ஒண்ணுமில்லையே? போன்ல அப்படிக் கத்துனியேய்யா!"

இரண்டை அழுத்தியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மேனேஜருக்கும் ஏதோ புரிந்தது. வாட்ச்மேனிடமிருந்து தன் போனை வாங்கி, ரோட்டுக்குப் போய் என் நம்பரை அடித்து, ஸ்பீக்கரில் போட்டார். சரவெடி. அலறல். மௌனம். "ஏமாந்தியாலே?"

இருநூறு பேரும் என்னையே பார்த்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எங்கள் கம்பெனியில் வேலை செய்யும் பேச்சியம்மா அக்கா முன்னால் வந்தார்.

"எங்க வீட்டுக்காரரு போனதும் இப்படி ஒரு விபத்துலதான் தம்பி. வெளாட வேற ஒண்ணும் கெடைக்கலையா ஒனக்கு?"

அம்மா எழுந்து விட்ட அறை, அந்த நேரத்துக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

மேனேஜர் நிதானமாகச் சொன்னார்: "மணி அடிச்சு எல்லாரையும் வெளியேத்துனது சரி. நாளையிலருந்து நீயும் வெளியவே இருந்துக்க."

வாய்ஸ் மெயிலை அன்று சாயங்காலமே எடுத்துவிட்டேன். அம்மாவின் சந்தேகத்தை எடுக்க முடியவில்லை. இன்றும் போனில் அவள் ஹலோ சொல்வதில்லை. "ஏலே, இருக்கியா?" என்பாள். "இருக்கேம்மா" என்றாலும் நம்ப மாட்டாள். பதிந்து வைத்ததாக இருந்தால்? "இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று கேட்டு, கேட்டதற்குப் பதில் வந்த பிறகுதான் மேற்கொண்டு பேச்சு. நான் குளிக்கும்போது போன் வந்தால் என் மனைவி எடுத்து, "இருக்காரு அத்தை, சாம்பார்" என்று முடித்துவிடுவாள்.

போன மாதம், இப்போது வேலை பார்க்கும் காலண்டர் கம்பெனியில், வெளியூர் வியாபாரிகளோடு பேசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று சொன்னேன்: "இருக்கேம்மா. புளிக்கொழம்பு."